தப்பு எங்கே? பொருளிலா, விதியிலா?



மேலே எறிந்த பந்து போகப் போக வேகம் குறையும். அது நாம் படித்தது. ஆனால் அதே பந்து வேகம் கூடிக்கொண்டே மேலே போனால்? வாயைப் பிளந்து பார்ப்போம் இல்லையா? 1998-ல் விஞ்ஞானிகளுக்கு அப்படித்தான் ஆச்சு. தூரத்து சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்தன. அதாவது, கணக்குப் போட்டதைவிட அதிக தூரத்தில் இருந்தன. பிரபஞ்சம் விரியும் வேகம் கூடுகிறது! இதற்காக பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவரும் 2011-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

காரணம் என்ன? பெரும்பாலோர் சொல்லும் பதில் 'இருண்ட ஆற்றல்'. பிரபஞ்சத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் அதுதானாம். ஆனால் அது என்ன பொருள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சிலர் மட்டும், "மிகப் பெரிய தூரங்களில் ஐன்ஸ்டீனின் ஈர்ப்பு விதியே மாறுமோ?" என்று கேட்கிறார்கள்.

"ஐன்ஸ்டீனையே திருத்த வந்துட்டாங்களா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பது தப்பு என்பதே என் கருத்து. ஏன் தெரியுமா? யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்றார் லெவெரியர். 1846-ல் நெப்டியூன் கிடைத்தது! பிறகு புதன் கோளின் பாதையும் உதைத்தது. அதற்கும் 'வல்கன்' என்றொரு கோள் இருக்கணும் என்றார் அதே லெவெரியர். தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கலை. 1915-ல் ஐன்ஸ்டீன் ஈர்ப்பு விதியையே மாற்றினார், கணக்கு நேரானது. ஆக, ஒரு தடவை ஒளிந்திருந்தது பொருள். இன்னொரு தடவை குறை இருந்தது விதியில்.

ஆனால் கேள்வி கேட்டால் மட்டும் போதாது, பரீட்சையும் எழுதணும். இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதில் கிளம்பிய ஈர்ப்பு அலையும் காமா கதிரும் சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரம் பயணம் செய்து, 2017 ஆகஸ்ட் 17 அன்று பூமிக்கு வந்தன. இடைவெளி வெறும் 1.7 வினாடி! இரண்டுக்கும் வேகம் ஒன்றுதான் என்று ஆனது. வேகம் வேறுபடும் என்று சொன்ன பல மாற்று ஈர்ப்புக் கொள்கைகள் அன்றோடு பெயில். மிச்சம் சில இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கின்றன.

எனவே நண்பர்களே, வகுப்பில் யாராவது எழுந்து "சார், இந்த விதியே தப்பா இருக்கலாமா?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். "சரி, அதை எப்படிச் சோதிக்கிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். அறிவியல் வளர்ந்தது இந்த இரண்டு கேள்விகளால்தான்!

– பதினொன்றாம் வகுப்பு மாணவி