ஆபத்தைச் சொல்லும் சீட்டு அவசரத்தையும் சொல்லட்டுமே!

கோவையிலிருந்து அவிநாசி சாலையில் வந்தால் கருமத்தம்பட்டி நால்ரோடு வரும். ஒரு பக்கம் சோமனூருக்கும் மறுபக்கம் அன்னூருக்கும் பாதை பிரியும். அங்கே சிறிது நேரம் நின்று பாருங்கள். ஒரு பெட்ரோல் டேங்கராவது உங்களைக் கடந்து போகும். அதில் சிவப்பு நிறச் சாய்சதுரம் ஒன்று தெரியும். உள்ளே தீச்சுடர்ப் படம், கீழ் முனையில் 3 என்ற எண். தீப்பற்றும் திரவம் என்பது அதன் பொருள். ஆபத்தான சரக்குகளை உலகெங்கும் 9 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். லாரியோ, கப்பலோ, விமானமோ, எல்லாவற்றுக்கும் இந்தப் பிரிவு பொதுவானது.

இவற்றுள் 7 என்பது கதிரியக்கப் பொருள். அந்த எண்ணைத் தாங்கிய பெட்டியை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆனால் அது அடிக்கடி விமானத்தில் பயணம் செய்கிறது. அணுகுண்டு செய்யப் போவதில்லை, பயப்படாதீர்கள்! பெரும்பாலும் அதற்குள் இருப்பது ஏதோ ஓர் ஊரில் ஒரு நோயாளி காத்துக்கொண்டிருக்கும் மருந்து.

அப்படிக் காத்திருந்தவர்களில் என் அத்தையும் ஒருவர். கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்குடோனில் தார் சுற்றிக்கொண்டிருந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் கண்டது. அறுவை செய்து சுரப்பியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒட்டியிருக்கும் திசுவை அழிக்க அயோடின்-131 தரவேண்டும் என்றார் டாக்டர். உடலில் அயோடினை ஆவலோடு இழுத்துக்கொள்வது தைராய்டுத் திசுதான். சாதாரண அயோடினுக்குப் பதில் கதிரியக்க அயோடினைக் கொடுத்தால் அந்தத் திசு அதையும் இழுத்துக்கொண்டு, அதன் பீட்டாக் கதிர்களாலேயே அழிந்துபோகும். மிக நேர்த்தியான முறை!

ஆனால் முன்னேற்பாடு கடுமையானது. தைராக்ஸின் மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்தவேண்டும். திசுவுக்கு அயோடின் பசி எடுக்கவேண்டுமல்லவா? அயோடின் கலந்த உப்பு கூடாது, கடல்மீன் கூடாது. மாத்திரை நின்றதும் அத்தைக்கு முகம் வீங்கிற்று. மாடிப்படி ஏற முடியவில்லை. வெயில் காலத்திலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறித்த நாள் வந்தது. மருந்து வரவில்லை.

வழியில் ஒரு விமான நிலையத்தில் பெட்டி இரண்டு நாள் மூலையில் கிடந்ததாம். காகிதங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன என்று பிறகு சொன்னார்கள். மஞ்சள் சீட்டைப் பார்த்துவிட்டு, ஏற்றவேண்டியவர்கள் தொடத் தயங்கியிருக்கிறார்கள்.

“ஏங்கண்ணு, அந்த மருந்தென்ன பாலா? ரண்டு நாள் வெச்சா திரிஞ்சு போயிருமா?” என்று கேட்டார் அத்தை.

“திரியறதில்லீங் அத்தை, வத்திப் போகுது” என்றேன்.

பள்ளிப் பாடத்தில் அரை ஆயுள் படித்திருப்பீர்கள். அயோடின்-131இன் அரை ஆயுள் ஏறத்தாழ 8 நாள். காலையில் 100 பங்கு இருந்தால் மறுநாள் காலை சுமார் 92. இரண்டாம் நாள் 84. இதுவாவது பரவாயில்லை. எலும்பு, இதயம் முதலியவற்றைப் படமெடுக்கப் பயன்படும் டெக்னீசியம்-99எம் என்பதைத் தரும் மாலிப்டினம்-99க்கு அரை ஆயுள் 66 மணிதான். இரண்டு நாள் மூலையில் கிடந்தால் 100 பங்கு 60 ஆகிவிடும். பூட்டி வைத்தாலும் ஐஸில் வைத்தாலும் இந்தக் கடிகாரம் நிற்காது. நம் நாட்டில் இத்தகைய ஐசோடோப்புகளைத் தரும் முக்கிய நிறுவனம், 1989இல் அமைந்த கதிர்வீச்சு ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம். பிரிட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது இருப்பது நவி மும்பையில். அங்கிருந்து கொங்கு நாட்டுக்கு லாரியில் அனுப்பி மெதுவாகக் கொண்டுவரலாம் என்றிருக்க முடியுமா?

சரி, அந்த மஞ்சள் சீட்டில் என்னதான் எழுதியிருக்கிறது? மேல் பாதியில் மூவிதழ்ச் சின்னம். கீழ்ப் பாதியில் உள்ளே இருக்கும் ஐசோடோப்பின் பெயர்; அதன் கதிரியக்க அளவு, பெக்கரல் கணக்கில்; பிறகு ஒரு சிறு கட்டத்துக்குள் ஓர் எண். சிவப்புக் கோடுகளையும் கவனியுங்கள். ஒரு கோடு என்றால் சீட்டு முழுதும் வெள்ளை. பெட்டியின் மேற்பரப்பில் கதிர்வீச்சு மணிக்கு 0.005 மில்லிசீவர்ட்டைத் தாண்டாது. இரண்டு கோடு என்றால் மேல் பாதி மஞ்சள், வரம்பு 0.5. மூன்று கோட்டுக்கு வரம்பு 2.

கட்டத்துக்குள் இருக்கும் எண்தான் எனக்கு மிகவும் பிடித்தது. போக்குவரத்துக் குறியெண் என்று அதைச் சொல்லலாம். பெட்டியிலிருந்து 1 மீட்டர் தள்ளி, மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட் என்று கருவியால் அளக்கிறார்கள். அதை 100ஆல் பெருக்குகிறார்கள். அவ்வளவே! 0.004 என்று அளந்தால் குறியெண் 0.4. அதாவது மணிக்கு 4 மைக்ரோசீவர்ட். வானத்தில் 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது காஸ்மிக் கதிர்களால் பயணிகள் பெறுவதும் மணிக்குச் சில மைக்ரோசீவர்ட்தான். அதற்கு யாரும் சீட்டு ஒட்டுவதில்லை! பயணிகள் விமானத்தில் ஏற்றும் பெட்டிக்குக் குறியெண் 3க்கு மேல் போகக்கூடாது. எல்லாப் பெட்டிகளின் எண்களையும் கூட்டினால் 50க்கு மேல் போகக்கூடாது. ஆகவே சரக்குக்கூடத்து ஊழியர் இயற்பியல் படிக்கவேண்டியதில்லை. கூட்டல் தெரிந்தால் போதும். கதிர்வீச்சு என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, ஒரு சுமைதூக்குபவர் மனத்திலேயே கூட்டிப் பார்க்கும்படி செய்திருக்கிறார்களே, அது சாதாரண வேலையா?

(இந்த விதிகளின் பழைய கதை வேடிக்கையானது. 1930களில் அமெரிக்கத் தபாலில் ரேடியம் போனபோது, கூடவே போன புகைப்படச் சுருள்கள் கெட்டுப்போயின. கட்டுப்பாடு முதலில் வந்தது மனிதனுக்காக அல்ல, சுருளுக்காக!)

பெட்டியும் லேசானதல்ல. மருந்து அனுப்பும் ‘ஏ’ வகைப் பெட்டியை நீர் தெளித்து, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டு, அதன் எடையைப் போல் ஐந்து மடங்குச் சுமையை ஒரு நாள் முழுதும் மேலே ஏற்றி, 6 கிலோ இரும்புக் கம்பியை அதன்மேல் விழச் செய்து சோதிக்கிறார்கள். உள்ளே திரவம் என்றால் 9 மீட்டரிலிருந்தும் போட்டுப் பார்க்கிறார்கள். மூன்றாவது மாடியிலிருந்து நழுவ விடுவதற்குச் சமம். பெட்டியோடு அனுப்புபவரின் உறுதிமொழிப் படிவம் ஒன்றும் போகிறது. ஓரங்களில் சிவப்புப் பட்டைகள் அச்சிட்டது. எந்தப் பொருள், எவ்வளவு, எந்தச் சீட்டு என்று எழுதி, அனுப்புபவர் கையெழுத்திட வேண்டும். எந்த அறையில் எந்தப் பெட்டி இருக்கிறது என்ற தாள் விமானியின் கைக்கே போய்ச் சேரும்.

இவ்வளவு தாள் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2010இல் டெல்லி மாயாபுரியில் பார்த்தோம். பல்கலைக்கழகம் ஒன்றில் உபயோகமற்றுக் கிடந்த கருவி ஏலத்தில் போயிற்று. உள்ளே கோபால்ட்-60 இருப்பதை அறியாமல் பழைய இரும்புக்காரர்கள் அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பொருள் இன்னதென்று ஒரு தாள் சொல்லியிருந்தால், அந்த உயிர் போயிருக்காது.

ஆனால் சீட்டு ஒட்டியிருந்தும் வேறு விதமான சங்கடம் வருகிறது. 2015 மே மாதம் டெல்லி விமான நிலையச் சரக்குப் பகுதியில் அயோடின்-131 மருந்துப் பெட்டிகள் ஈரமாக இருந்தன. கதிரியக்கக் கசிவு என்று நாடே பரபரத்தது. கடைசியில் அது அருகிலிருந்த வேறு சரக்கிலிருந்து ஒழுகிய திரவம் என்று தெரிந்தது. 2024 ஆகஸ்டில் லக்னோ விமான நிலையத்தில் புற்றுநோய் மருந்துப் பெட்டி ஒன்றைக் கண்டு எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. பேரிடர் மீட்புப் படை வந்து பார்த்தது. கசிவு ஏதுமில்லை. சோதித்தது தவறில்லை, சோதிக்கத்தான் வேண்டும். கசிவு என்ற சொல் சோதனைக்கு முன்பே ஓடிவிடுகிறதே, அதைத்தான் சொல்கிறேன். அப்படி ஓடிய சொல்லைக் கேட்ட ஊழியர், அடுத்த முறை மஞ்சள் சீட்டைக் கண்டால் பெட்டியை மூலைக்குத் தள்ளமாட்டாரா?

விதிகளைத் தளர்த்தச் சொல்லவில்லை. சர்வதேச அணுசக்தி முகமை 1961இல் முதன்முதலாக வெளியிட்டுப் பலமுறை திருத்திய விதிகள் அவை. நம் நாட்டில் 1983இல் தொடங்கிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அவற்றைக் காக்கிறது. ஒரு கோடுகூடக் குறையவேண்டாம். எனக்குள்ள குறை வேறு. அந்தச் சீட்டை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். பொருளின் பெயர் உண்டு, அளவு உண்டு, குறியெண் உண்டு. இது மருந்து என்ற சொல் உண்டா? எந்த நேரத்துக்குள் சேரவேண்டும் என்பது உண்டா? இல்லை. அதைப் படிக்கிறவருக்கு ஆபத்து மட்டும்தான் கண்ணில் படுகிறது. மறுமுனையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் தெரிவதில்லை.

விதிப்படியான சீட்டுக்குச் சற்றுத் தள்ளி, அதை மறைக்காமல், இன்னொரு தாள் ஒட்டலாம். ‘நோயாளிக்கான மருந்து, இன்ன நாள், இன்ன மணிக்குள் சேரவேண்டும்’ என்று ஆங்கிலத்திலும் அந்தந்த ஊர் மொழியிலும் இருக்கட்டும். சரக்குக்கூடச் சுவரில் மூன்று சீட்டுகளின் பொருளையும் தமிழில் எழுதி மாட்டலாம். உங்கள் அறிவியல் புத்தகத்தில் அரை ஆயுள் கணக்குக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டின் படத்தையும் போடலாம். நாளைக்குச் சரக்குக்கூடத்தில் வேலை பார்க்கப் போகிறவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

இந்த யோசனை முழுதும் என்னுடையதல்ல. பெட்டி ஒருவழியாக வந்தபோது அத்தைக்குத் தேவையான அளவு அதில் மிச்சமில்லை. அடுத்த பெட்டிக்கு மேலும் ஒரு வாரம் உப்பில்லாச் சோறு சாப்பிட்டார். மருந்து வத்திப்போகும் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டியபோது அவர் கேட்டார்: “பால் பாக்கெட்டு மேலயே தேதி போடறாங்கல்லோ? இதுக்குப் போட்டா என்னவாம்?”