கைடு லெட்டர் இல்லாத வாசகன்



போன வாரம் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அரிய நூல் பிரிவில் நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் பாடப்புத்தகங்களைப் பார்க்க ஆசை. "கைடு லெட்டர் இருக்கா?" என்றார் அங்கிருந்தவர். 34 வருஷம் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவன் என்றேன். "லெட்டர் இல்லாம முடியாது சார்."

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பையை வெளியே வைக்கிறேன். பேனா கூடாது, பென்சில்தான் என்றால் ரொம்ப சரி. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, புத்தகத்தை முழுக்க விரிக்காமல், ஒவ்வொரு தாளாகப் புரட்டுகிறேன். பழைய காகிதம் அப்பளம் மாதிரி நொறுங்கும், தெரியாதா எனக்கு? இதற்கெல்லாம் பிஎச்.டி. எதற்கு?

கோட்டையூர் ரோஜா முத்தையா எந்தக் கைடு சொல்லிப் புத்தகம் சேர்த்தார்? விளம்பரப் பலகை எழுதிய மனிதர். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். 1994-ல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. சேர்க்கிறவனுக்குப் பட்டம் தேவைப்படவில்லை, படிக்கிறவனுக்கு மட்டும் வேண்டுமாம்!

"பிடிஎஃப் கிடைக்குமே சார்" என்று கமெண்ட் போடப் போகிற பயலே, ஸ்கேன் ஆகாமல் அலமாரியில் கிடப்பதை எங்கே போய் டவுன்லோட் செய்வாய்?

உங்களில் சிலர் பேராசிரியர்கள். ஒரு போன் போட்டால் எனக்கு லெட்டர் வந்துவிடும். அது வேண்டாம். உங்கள் நூலகத்தில் அந்த விதி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். நான் அடையாள அட்டையோடு வந்து வரிசையில் நிற்கிறேன்.