உறுதிமொழி போதாது; உண்மையைச் சொல்லிக் கொடுங்கள்

ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் 26-ந் தேதி போதை ஒழிப்பு நாள் என்று சொல்லி, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வரிசையாய் நிறுத்திக் கையை நீட்டச் செய்து உறுதிமொழி வாங்கப்படுகிறது. ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். மணி அடித்ததும் கலைந்து போகிறார்கள். அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

2024-ல் அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தெருவெல்லாம் பிணமாய்க் கிடந்தது. விஷச் சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானார்கள். சிலருக்குக் கண் போயிற்று. தாய் தகப்பன் இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு. சர்க்கார் மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. அந்த மாதமே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது. நவம்பரில் ஐகோர்ட்டு வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இவை எல்லாம் செத்த பிறகு நடக்கும் காரியங்கள். சாவதற்கு முன் நடக்கவேண்டியது என்ன என்பதே நமது கேள்வி.

அவர்களைக் கொன்றது எது? "சரக்குக் கெட்டுப் போய்விட்டது" என்கிறார்கள் சிலர். "விதி" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் பொய். கொன்றது மெத்தனால் என்னும் தொழிற்சாலைச் சரக்கு. பார்வைக்குத் தண்ணீர் போலிருக்கும். நாக்கால் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புவது ஏமாற்றம். ஈரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்பின் கடியில் எரிகிற அதே அமிலந்தான். அது கண் நரம்பைத் தாக்குகிறது. இரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. இதற்கு அரைநாள், ஒருநாள் கூடப் பிடிக்கும். ஆகவேதான் குடித்தவன் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று அடுத்தவனுக்கும் ஊற்றிக் கொடுக்கிறான். அந்நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேர்ந்தால் முறிவு மருந்து உண்டு. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் யந்திரம் உண்டு.

பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தச் சங்கதி தெரிந்திருந்தால், "கண் மங்குதம்மா, வயிறு வலிக்குது" என்று சொல்லும் தகப்பனுக்கு மோரைக் கொடுத்துப் படுக்க வைப்பாளா? வண்டி பிடிக்கமாட்டாளா? உறுதிமொழி இந்த உயிரைக் காப்பாற்றுமா? ரசாயனப் பாடம் காப்பாற்றும்.

நிற்க. குடியை விடுவதற்குக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் ஊர் ஊராய் இருந்து வருகிறது. வருஷக் கணக்காய் விடாமல் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும்; வலிப்பு வரும்; புத்தி தடுமாறும்; சிலருக்கு உயிரே போகும். இதைச் சாமி குற்றம் என்று சொல்லி மறுபடியும் பூசாரியிடமே இழுத்துப் போகிறார்கள். இது குற்றமல்ல, நோய். வைத்தியர் மேற்பார்வையில் படிப்படியாய் விடுவிக்க வேண்டிய நோய். இதையும் பிள்ளைக்குச் சொல்லாமல் "குடிகாரன் பாவி" என்று மட்டும் சொன்னால், அது தகப்பனை வெறுக்கக் கற்குமே தவிர, காப்பாற்றக் கற்காது.

உபதேசத்தின் யோக்கியதையை அமெரிக்கா செலவழித்தே தெரிந்துகொண்டது. 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் போலீசாரே பள்ளிக்கு வந்து போதையைப் பற்றிப் போதிக்கும் ஏற்பாடு தொடங்கித் தேசமெங்கும் பரவிற்று. ஆராய்ந்து பார்த்தபோது, அந்தப் பாடத்தைக் கேட்ட பிள்ளைக்கும் கேளாத பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். மாலை நேரத்தில் விளையாட்டும் சங்கீதமும் வைத்து, பெற்றோரையும் கூட நிற்கச் செய்தார்கள். அங்கே 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 42 பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்து மயங்கியவர்கள். 2016-ல் 5 பேர்.

கல்வராயன் மலைப் பிள்ளைக்கு மாலையில் என்ன இருக்கிறது? விளையாட மைதானம் உண்டா? படிக்கப் புத்தகசாலை உண்டா? இறங்கிப் போய்ப் படிக்க நேரத்துக்கு பஸ் உண்டா? ஊறல் பானையை உடைக்கப் போலீசு ஏறுகிற மலைக்கு, வாத்தியாரும் வைத்தியரும் அதே வேகத்தில் ஏறவேண்டாமா? 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கு முதன்முதல் வந்தது சேலம் ஜில்லாவில். இம்மலையின் ஒரு பக்கம் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. அப்படியும் ஊறல் வற்றவில்லை. சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சம் என்ன வேண்டும்?

ஆசிரியத் தோழர்களே! வகுப்பில் பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். "கெடுதல் என்றால் 2003 முதல் சர்க்காரே கடை வைத்துச் சில்லறையாய் விற்பானேன்?" என்று ஒருவன் கேட்பான். அதட்டாதீர்கள், வருமானத்துக்காக என்ற உண்மையைச் சொல்லுங்கள். கஞ்சாவைப் பற்றிக் கேட்பான், வலி மாத்திரையைப் பற்றிக் கேட்பான், உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலையைப் பற்றிக் கேட்பான். அதது உடம்பை என்ன செய்யும், மூளை ஏன் மறுபடி மறுபடி கேட்கும் என்று விளக்குங்கள். பயமுறுத்த வேண்டாம். பயம் ஒருநாள் தெளிந்துவிடும், தெரிந்துகொண்டது தெளியாது.