சாந்தியிடம் பிடுங்கியது பதக்கம் மட்டுமா?

சாந்தி சௌந்தரராஜனைப் பற்றி எழுதுகிறவர்கள் நேராகச் செங்கல் சூளைக்குப் போய் நின்றுகொள்கிறார்கள். 'ஐயோ பாவம்' என்று ஒரு வார்த்தை, அத்தோடு சரி. புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சியில் சூளைக் கூலிகளுக்குப் பிறந்த தலித் பெண் மறுபடி சூளைக்கே போனதில் இந்தச் சாதிச் சமூகத்துக்கு என்ன அதிர்ச்சி? அது இவர்கள் என்றைக்கோ ஒதுக்கி வைத்த இடம்தானே. நாம் பேச வேண்டியது அவரை அங்கே திருப்பி அனுப்பியவர்களைப் பற்றி.

2005-இல் இன்சியான் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே ஓட்டத்தில் மறுபடி வெள்ளி. கையோடு பாலினச் சோதனை. பதக்கம் போச்சு. ஊக்கமருந்து கிடையாது, பித்தலாட்டம் கிடையாது. பிறந்த உடம்போடு ஓடினார், அதுதான் குற்றம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பெண்களையும் சோதிக்கிற முறையை உலகத் தடகள அமைப்பு 1992-லேயே கைவிட்டது, ஒலிம்பிக் கமிட்டி 1999-இல் விட்டது. ஆக 2006-இல் சோதனை என்பது யார்மேல் சந்தேகம் விழுகிறதோ அவருக்கு மட்டும். சந்தேகம் எந்த உடம்பின்மேல் விழும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஸ்பெயின் நாட்டு மரியா பத்தீன்யோ 1985-இல் இதே சோதனையில் விலக்கப்பட்டு, போராடி, 1988-இல் ஓடும் உரிமையைத் திரும்பப் பெற்றார். முன்னுதாரணம் பதினெட்டு வருசமாகக் கண்முன்னே கிடந்தது. எடுத்துப் பேச இங்கே ஒரு நாதியில்லை. 2009-இல் காஸ்டர் செமன்யாவுக்குப் பின்னால் தென்னாப்பிரிக்காவே நின்றது, அடுத்த வருசமே அவர் களத்துக்குத் திரும்பினார். 2015-இல் ஒடிசாவின் டூட்டி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் வாதாடி அந்த விதியையே நிறுத்தி வைக்கச் செய்தார். சாந்திக்கு அந்தக் கதவைத் தட்ட யாரும் வரவில்லை.

சரி, அவர் என்ன செய்தார்? தமிழக அரசு கொடுத்த 15 லட்சத்தைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தரப் பயிற்சிக் கூடம் ஆரம்பித்தார். 2009 வாக்கில் அறுபதுக்கு மேல் பிள்ளைகள். அப்போதே அவர் கோச்சுதான். அதை ஒப்புக்கொள்ள நம் ஆட்களுக்குத்தான் மனசு வரவில்லை. தற்காலிக வேலை, சொற்பச் சம்பளம், பிறகு அதுவும் இல்லை. 2012-இல் சூளையில் நாளுக்கு 200 ரூபாய்க் கூலி. செய்தி நாறிய பிறகே பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பு. நிரந்தர வேலை 2016-இல். பதக்கத்தைப் பிடுங்கச் சில நாள், வேலை தரப் பத்து வருசம். இதற்குப் பெயர் 'கருணை'யாம்!

மில்லும் காலேஜும் சேர்ந்து விளையாட்டை வளர்த்த ஊர் என்று நம்ம கோயமுத்தூரில் பெருமை பேசுவோம். ஓடுற வரைக்கும் 'நம்ம காலேஜ் புள்ளைங்க' என்று பேனர் கட்டுவார்கள். கோட்டாவில் சீட்டு, ஹாஸ்டல் சோறு. கால் பிசகினால், பேர் கெட்டால், அந்தப் பிள்ளை எந்த ஊர், எந்தத் தெரு என்ற விசாரிப்பு தானாக வந்துவிடும். அவிநாசியிலும் பொள்ளாச்சியிலும் சேரியிலிருந்து ஓட வந்த எத்தனை பேர் இன்று விசில் மாட்டிய கோச்சாக நிற்கிறார்கள்? மாணவத் தோழர்கள் அவரவர் காலேஜில் எண்ணிப் பார்க்கட்டும்.

2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவில் உலகப் போட்டிகளுக்குப் போகிற எல்லாருக்கும் மரபணுச் சோதனை என்று உலகத் தடகள அமைப்பு பழையபடி ஆரம்பித்துவிட்டது. நாளைக்கு நம் பக்கத்துப் பெண் ஒருத்தியின் முடிவு வந்தால் முதலில் யார் கைக்குப் போகும்? அவள் கைக்கா, டி.வி.க்காரன் கைக்கா? அவளோடு யார் உட்கார்ந்து பேசுவார்கள், வக்கீல் செலவு யாருடையது? நேரு ஸ்டேடியத்தில் போய்க் கேளுங்க, பதில் வைத்திருக்கிறார்களா என்று.