90 மார்க் வாங்கிய கேம், கைக்கு வந்ததும் ‘சப்’பென்று ஆவது ஏன்? ஹைப்புக்குப் பின்னால் நடப்பது என்ன?

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6’ கேமின் முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பரில் வெளியானது. ஒன்றரை நிமிட வீடியோதான். 24 மணி நேரத்தில் யூடியூபில் 9 கோடி பார்வைகளைத் தாண்டியது. 2025ல் கேம் வரும் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். அதுவும் நவம்பர் 19க்குத் தள்ளிப்போனது. தேதி தள்ளிப்போனதே ஒவ்வொரு முறையும் உலகச் செய்தி ஆனது.

இப்படி வருடக்கணக்கில் பில்டப் ஏறிய கேம் கடைசியில் கைக்கு வரும்போது, ‘இதுக்கா இவ்வளவு?’ என்று கேட்க வைப்பது கேமிங் உலகத்துக்குப் புதிதில்லை. வேடிக்கை என்னவென்றால், அப்படி ஏமாற்றிய கேம்களில் பல விமர்சகர்களிடம் 80, 90 என்று மார்க் வாங்கியவை. அப்படியானால் பொய் சொன்னது யார்? நிறுவனமா, விமர்சகரா, இல்லை ரசிகர்கள்தான் ஓவராக எதிர்பார்த்துவிட்டார்களா?

சைபர்பங்க் 2077: என்ன நடந்தது?

இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய உதாரணம் ‘சைபர்பங்க் 2077’. ‘தி விட்சர் 3’ மூலம் உலகப் புகழ் பெற்ற போலந்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட், இந்த கேமை 2012ல் அறிவித்தது. 2019ல் அமெரிக்காவில் நடந்த ஈ3 விழா மேடையில் ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸ் தோன்றி வெளியீட்டுத் தேதியைச் சொன்னார். அரங்கமே அதிர்ந்தது. 2020 ஏப்ரலில் வரவேண்டிய கேம் மூன்று முறை தள்ளிப்போய், டிசம்பர் 10ல் வெளியானது. அதற்குள் 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள்.

வெளியீட்டுக்கு மூன்று நாட்களுக்கு முன், டிசம்பர் 7ல் விமர்சனங்கள் வந்தன. மார்க் 90ஐ ஒட்டி இருந்தது. ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்த விமர்சனங்களில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிக்கவில்லை. விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு மட்டுமே. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்புகள் கொடுக்கப்படவில்லை. தாங்கள் விளையாடியதை ரெக்கார்டு செய்து வீடியோவில் காட்டவும் முதலில் அனுமதி இல்லை. நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

பழைய கன்சோல்களிலும் கேம் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக ஓடுகிறது என்று அதற்கு முந்தைய மாதம்தான் நிறுவனத் தரப்பு முதலீட்டாளர்களிடம் சொல்லியிருந்தது. டிசம்பர் 10ம் தேதி கதை வேறாக இருந்தது. பிஎஸ்4ல் படம் திக்கித் திக்கி ஓடியது. மனிதர்களும் கார்களும் பாதி வரைந்து விட்டதுபோலத் தெரிந்தார்கள். நடுநடுவே கேமே நின்றுபோனது. நான்கு நாட்களில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பழைய கன்சோல்களில் கேம் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டாதது தவறு என்று ஒப்புக்கொண்டது. வெளியான சுமார் ஒரு வாரத்தில் சோனி தனது பிளேஸ்டேஷன் ஸ்டோரில் இருந்தே கேமைத் தூக்கியது. மறுபடி அது அங்கு விற்பனைக்கு வந்தது 2021 ஜூன் 21ல்தான்.

இன்று விமர்சனத் திரட்டுத் தளமான மெட்டாகிரிட்டிக்கில் பார்த்தால், கணினிப் பதிப்புக்கு 86 மார்க். பிஎஸ்4 பதிப்புக்கு 57. கேம் ஒன்று, பெயர் ஒன்று, இடையில் 29 மார்க் வித்தியாசம். விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் முன்னால் இருந்த சக்திவாய்ந்த கணினியில் ஓடியதற்கு மார்க் போட்டார்கள். பழைய கன்சோல் வைத்திருந்தவர் அந்த மார்க்கை நம்பி வேறொரு பொருளை வாங்கிவிட்டார்.

யாருக்கு நஷ்டம்? ரசிகர்கள் ரீஃபண்டுக்கு அலைந்தார்கள். ஆனாலும் 2020 முடிவதற்குள் 1.37 கோடி பிரதிகள் விற்றிருந்தன. முதலீட்டாளர்கள் அமெரிக்காவில் தொடர்ந்த வழக்கை 18.5 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் முடித்துக்கொண்டது.

மார்க் எப்படி உருவாகிறது?

மெட்டாகிரிட்டிக் 2001ல் தொடங்கப்பட்ட தளம். பல ஊடகங்களின் விமர்சனங்களைத் திரட்டி, 100க்கு ஒரு மார்க்காக மாற்றித் தருகிறது. எல்லா விமர்சனத்துக்கும் அங்கே ஒரே எடை கிடையாது. சில ஊடகங்களுக்குக் கூடுதல் எடை உண்டு. எதற்கு எவ்வளவு என்பதைத் தளம் வெளியிடுவதில்லை. 75க்கு மேல் போனால் பச்சை நிறம், 50க்குக் கீழே போனால் சிவப்பு.

தமிழ் வார இதழின் சினிமா விமர்சனத்தில் 45 மார்க் வாங்கினாலே நல்ல படம் என்று பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் குழப்பும். கேம் உலகத்தில் 70 என்றாலே ‘சுமார்’ என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பெரிய கேம்களின் சண்டை முழுக்க 80க்கும் 100க்கும் நடுவில்தான் நடக்கிறது.

அந்த இடைவெளியில் ஒரு மார்க்குக்கு என்ன மதிப்பு? 2010ல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேமை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தது. வந்தது 84. போனஸ் போச்சு. இதை அந்த நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் அவெலோன் 2012ல் வெளியே சொன்னபோதுதான், ஒரு சராசரி எண் எத்தனை பேரின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது என்பது ரசிகர்களுக்குத் தெரிந்தது. இவ்வளவு பணம் ஒரு எண்ணைச் சுற்றி நிற்கும்போது, விமர்சகருக்கு எந்தப் பதிப்பைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எதைக் காட்ட விடுவது என்று நிறுவனம் கணக்குப் போடாமல் இருக்காது.

பக் இல்லாத கேமும் ஏமாற்றுமா?

ஏமாற்றும். 2018 அக்டோபர் 26ல் வந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ கேமுக்கு 97 மார்க். அமெரிக்க மேற்குப் பகுதியின் கடைசிக் கொள்ளைக் கும்பல்களில் ஒன்றைப் பற்றிய கதை. அதன் உலகமும் ஆர்தர் மோர்கன் என்ற நாயகனும் பெற்ற பாராட்டுகள் நியாயமானவை. ஆனால் கேம் மெதுவானது. வேட்டையாடினால் உட்கார்ந்து தோலை உரிக்க வேண்டும். குதிரையைத் தேய்த்துவிட வேண்டும். துப்பாக்கியைத் துடைக்க வேண்டும். அலமாரியில் உள்ள பொருளைக் கூட ஒவ்வொன்றாகத்தான் கை நீட்டி எடுக்க வேண்டும். கதையை மட்டும் முடிக்கவே சுமார் 50 மணி நேரம் ஆகும்.

இதைத் தொழிலாகச் செய்யும் விமர்சகர் ஒரேயடியாக உட்கார்ந்து, அந்த உலகத்துக்குள் மூழ்கி விளையாடுகிறார். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் கன்சோலைத் தொடுபவருக்கு அதே கேம் ரெண்டு மாசச் சமாச்சாரம். முதல் வாரம் முழுக்க பனியிலும் குதிரையிலும் போய்விட்டால், ‘97 மார்க் கேம் எனக்கு மட்டும் ஏன் போரடிக்குது?’ என்று அவர் தன்னையே சந்தேகப்படத் தொடங்குவார். கோளாறு அவரிடமும் இல்லை, கேமிடமும் இல்லை. எத்தனை பேருக்கு மொத்தத்தில் பிடித்தது என்பதைத்தான் சராசரி எண் சொல்லும். யாருக்குப் பிடிக்காது என்று அது சொல்லாது.

2023 செப்டம்பர் 6ல் வந்த ‘ஸ்டார்ஃபீல்ட்’ இன்னொரு ரகம். 25 ஆண்டுகளில் தங்களின் முதல் புதிய உலகம் என்று பெத்தெஸ்டா நிறுவனம் விளம்பரப்படுத்தியது. 1,000க்கும் அதிகமான கிரகங்கள் என்றது. எண்ணிக்கை உண்மைதான். ஆனால் பெரும்பாலான கிரகங்கள் கணினியே கலைத்துப் போட்டு உருவாக்கியவை. இறங்கிப் பார்த்தால் ஒரே மாதிரிக் கட்டடங்கள் திரும்பத் திரும்ப வந்தன. விண்வெளிப் பயணம் என்பது பெரும்பாலும் மெனுவில் இடத்தைத் தேர்ந்தெடுத்து லோடிங் திரையைப் பார்ப்பதாக இருந்தது. எக்ஸ்பாக்ஸ் பதிப்புக்கு மெட்டாகிரிட்டிக்கில் 83 வந்தது. சில பெரிய தளங்கள் 10க்கு 7 மட்டுமே கொடுத்து, ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டன. சில மாதங்களில் ஸ்டீம் தளத்தில் அதே கேமின் ரசிகர் மதிப்பீடு ‘கலவையானது’ என்ற நிலைக்கு இறங்கியது. குறை சொன்னவரைத் திட்டிய கூட்டம், பின்னர் அதே குறையை எழுதியது.

அப்படியானால் ரசிகர் மார்க்கை மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. 2020 ஜூன் 19ல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ கேமுக்கு விமர்சகர்கள் கொடுத்தது 93. வெளியான சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கானோர் பூஜ்யம், ஒன்று என்று மார்க் குத்தித் தள்ளினார்கள். கேமை முடிக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அவர்களில் யாரும் முழுதாக விளையாடியிருக்க வாய்ப்பே இல்லை. கதையின் போக்கு முன்பே இணையத்தில் கசிந்ததுதான் கோபத்துக்குக் காரணம். அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக் விதியை மாற்றியது. கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் ரசிகர்கள் மார்க் போட முடியும்.

‘அப்டேட்ல சரியாகிடும்’ என்பது உண்மையா?

சில சமயம் உண்மை. 2016 ஆகஸ்டில் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ அதற்குச் சாட்சி. ஹலோ கேம்ஸ் என்ற சிறிய பிரிட்டிஷ் குழு உருவாக்கிய கேம். சுமார் 1.8 லட்சம் கோடி கோடி கிரகங்கள் என்ற அறிவிப்பே வாயைப் பிளக்க வைத்தது. மற்ற வீரர்களைச் சந்திக்கலாம் என்ற பேச்சும் இருந்தது. வெளியான முதல் நாளே ரெண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. விளம்பரம் குறித்த புகார்களை பிரிட்டன் விளம்பரத் தர ஆணையம் விசாரித்து, விதிமீறல் இல்லை என்று சொன்னது. ரசிகர்களின் கோபம் அதனால் தணியவில்லை.

அந்தக் குழு வாயைத் திறக்காமல் வேலை பார்த்தது. இலவச அப்டேட்டுகள் வந்துகொண்டே இருந்தன. வீரர்கள் ஒன்றாகச் சேர்ந்து விளையாடும் முழு வசதி 2018 ஜூலையில் வந்தது. 2024 நவம்பரில் ஸ்டீமில் கேமின் ஒட்டுமொத்த மதிப்பீடு ‘மிகவும் நேர்மறை’ ஆனது. எட்டு வருட உழைப்பு. சைபர்பங்கும் 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு, முதலில் சொன்னதற்குப் பக்கத்தில் வந்தது.

இந்த மீட்சிக் கதைகளை ரசிகர்கள் உருக்கமாகப் பேசுகிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் நாள் முழு விலை கொடுத்தவர் அரைகுறையை வாங்கினார். மூன்று வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கியவருக்கு முழு கேம் கிடைத்தது. அதிகம் நம்பியவருக்குத்தான் குறைவாகக் கிடைத்தது. தவிர, எல்லா நிறுவனமும் திரும்பி வந்து சரிசெய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

வாங்குபவர் என்ன செய்யலாம்?

முதலில் ரீஃபண்ட் விதியைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் 14 நாள் அவகாசம் உண்டு. ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தால் தவிர, பொதுவாகப் பணம் திரும்பாது. அதாவது பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்குபவர் விளையாடிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்கப் பொதுவாக வழியில்லை. 50 மணி நேர கேமில் ஸ்டீமின் 2 மணி நேரமும் ஆரம்பக் காட்சிகளுக்கே சரியாகிவிடும்.

அடுத்து, விமர்சனத்தில் மார்க்கைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களைத் தேடலாம். எந்தக் கருவியில் விளையாடினார்கள்? உங்களிடம் இருக்கும் கருவியா அது? வீடியோவில் இருப்பது விமர்சகர் எடுத்ததா, நிறுவனம் கொடுத்ததா? விமர்சகர் குறை என்று சொல்வது உங்களுக்கும் குறைதானா? கடைசிக் கேள்விக்குப் பதில் எந்தச் சராசரி எண்ணிலும் இருக்காது.

முன்பதிவு தேவையா என்பதையும் யோசிக்கலாம். கடையில் டிஸ்க் தீர்ந்துபோன காலத்தில் முன்பதிவுக்கு அர்த்தம் இருந்தது. டவுன்லோடு செய்யும் கேம் தீர்ந்துபோகாது.

இது ‘ஜிடிஏ 6’க்கும் பொருந்தும். இதற்கு முந்தைய பாகமான ‘ஜிடிஏ 5’ 2013 செப்டம்பரில் வந்து 97 மார்க் வாங்கியது. அதன் ஆன்லைன் பகுதி திறந்தது அக்டோபர் 1ம் தேதி, விமர்சனங்கள் வந்து இரண்டு வாரம் கழித்து. சர்வர்கள் திணறின. உள்ளேயே போக முடியாமல் பலர் தவித்தார்கள். நஷ்டஈடாக ராக்ஸ்டார் நிறுவனம் கேமுக்குள் செலவழிக்கும் 5 லட்சம் டாலரை வீரர்களுக்குக் கொடுத்தது. கேமுக்கு வெளியே அந்தப் பணத்தில் ஒரு டீ கூட வாங்க முடியாது.