கீறல் விழுந்தால் கண்டமா?

காரின் சைடு மிரர் மூடியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். இதற்கு என்ன வைத்தியம்? "முழு மிரரையும் மாத்திடலாம் சார்" என்கிறது சர்வீஸ் சென்டர். "இன்ஷூரன்ஸ்ல போட்டுடலாம்பா" என்கிறான் பிள்ளை. "அப்படியே விட்டுடுங்களேன், யார் பார்க்கப் போறாங்க" என்கிறார் வீட்டம்மா. மூன்றும் தப்பு என்பது என் கட்சி. நாலாவதாக ஒரு வழி இருக்கிறது. மூடியைக் கழற்றி, தேய்த்து, ஸ்ப்ரே டப்பாவால் நாமே பெயிண்ட் அடித்துக்கொள்வது. எழுபது வயதுக்கு மேல் ஆனவன் சொல்கிறேன், இது முடியும்.

புதுச்சேரியில் கார் வைத்திருப்பவர்களுக்குக் கீறலைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புல்வாருக்கு உள்ளே இருக்கும் தெருக்கள் குதிரை வண்டிக்கும் புஸ்-புஸ் வண்டிக்கும் போட்டவை. இன்று அதே தெருவில் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது, நடுவில் ஸ்கூட்டர் பறக்கிறது. சனி ஞாயிறு சுற்றுலா வண்டிகள் வேறு. மிரரும் பம்பர் மூலையும் கதவுக் கைப்பிடியும் அடி வாங்கத்தான் செய்யும். வருடத்துக்கு ஒரு முறை நடக்கப்போகிற காரியத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை புது உறுப்பு வாங்குவது என்ன நியாயம்?

போன வருடம் ஒரு சர்வீஸ் சென்டரில் என்னிடம் நீட்டிய எஸ்டிமேட் 4,650 ரூபாய். கண்ணாடி உடையவில்லை, மோட்டார் வேலை செய்கிறது, மூடியில் மட்டும் கீறல். "மூடி மட்டும் தனியா வராதா தம்பி?" என்று கேட்டேன். "அசெம்பிளியாத்தான் சார் போடுவோம்" என்றார். மூடி தனியாகக் கிடைக்கிறது. கடைத்தெருவில் விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க் வேலை பார்த்தவன். அரசாங்கத்தில் ஒரு கால் உடைந்த நாற்காலியைக் கண்டம் செய்வதற்குக் கூட ஒரு கோப்பு வேண்டும். எப்போது வாங்கியது, என்ன விலை, பழுது பார்த்தால் என்ன செலவு, ஏன் பழுது பார்க்க முடியாது என்று எழுதி, மேலதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது ஏலத்துக்குப் போகும். இதற்காக எங்களை எவ்வளவு கேலி செய்திருப்பார்கள்! ஆனால் அந்தக் கோப்பில் ஒரு நல்ல கேள்வி இருந்தது: "இதைச் சரி செய்ய முடியாதா?" அந்தக் கேள்வியைக் கேட்காமலே கண்டம் செய்கிற கூட்டம் இன்று பெருகிவிட்டது.

அடுத்தது இன்ஷூரன்ஸ். "சும்மா கிடைக்கிறதை ஏன் விடணும்" என்கிறவர்கள் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காரட்டும். 1500 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் நம் பாக்கெட்டிலிருந்து போகும். ஜீரோ டிப்ரிசியேஷன் எடுக்காதவர்களுக்குப் பிளாஸ்டிக் உறுப்பில் பாதி விலைதான் கணக்கில் வரும். இது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் நோ கிளெய்ம் போனஸில் இருக்கிறது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு ஓ.டி. பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் மறுபடி 50. விட்டுப்போன சதவீதங்களைக் கூட்டுங்கள்: 50, 30, 25, 15, 5. மொத்தம் 125. ஓ.டி. பிரீமியம் 6,000 ரூபாய், அது மாறாது என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருடத்தில் கையை விட்டுப் போவது 7,500 ரூபாய். 4,650 ரூபாய் வேலைக்கு! போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் வாங்கியவர்கள் வேண்டுமானால் தப்பலாம். மற்றவர்களுக்கு இதுதான் "சும்மா" கிடைப்பதன் விலை.

என் செலவையும் சொல்லிவிடுகிறேன். பிரைமர், கலர், கிளியர் என மூன்று டப்பா, உப்புத்தாள், மாஸ்கிங் டேப் எல்லாம் சேர்த்து 1,500க்குள் முடிந்தது. டப்பாக்களில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் 'பிரிகோலாழ்' என்று ஒரு சொல் உண்டு. வீட்டில் இருக்கிற சின்னச் சின்னப் பழுதுகளைத் தன் கையாலேயே சரி செய்துகொள்வது என்று அர்த்தம். டாக்டரும் செய்வார், வாத்தியாரும் செய்வார். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஸ்ப்ரே டப்பாவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'போம்ப்', அதாவது வெடிகுண்டு! அந்த டப்பா பிறந்த கதையும் இதையே சொல்கிறது. 1949ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் என்ற பெயிண்ட் வியாபாரி, தன் அலுமினியப் பெயிண்டை வாடிக்கையாளருக்குச் சுலபமாகக் காட்ட வழி தேடினார். ஸ்ப்ரே டப்பாவில் அடைத்தால் என்ன என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி போனி. கம்ப்ரஸரும் கன்னும் இல்லாதவன் கையிலும் பெயிண்ட் ஏறட்டும் என்று வந்த பொருள் அது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பேனா பிடித்தவன் உப்புத்தாள் பிடித்தால் மானம் போகிறது. நான் மொட்டை மாடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது மருமகள் ஏறி வந்து, "மாமா, எதுக்கு இந்த வயசுல இதெல்லாம்? தெருவில பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றாள். பாசத்தில்தான் சொன்னாள், தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு விஷம் இருக்கிறது. ஒன்று, கைவேலை கேவலம். இரண்டு, ரிட்டயர் ஆனவன் பேப்பர் படித்துக்கொண்டு மூலையில் உட்கார வேண்டும். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "அஞ்சே நிமிஷம், புதுசு மாதிரி ஆயிடும்" என்று வீடியோ போடுகிறவர்கள். இவர்கள் சர்வீஸ் சென்டரை விட ஆபத்து. அஞ்சு நிமிஷ வேலை மூன்றாவது மாதம் தோல் உரியும். அதைப் பார்த்துவிட்டு, "பார்த்தியா, வீட்ல பண்ணினா இப்படித்தான்" என்பார்கள். பெயிண்ட் அடிப்பது இதில் கடைசி வேலை. முக்கால்வாசி நேரம் கழுவுவதிலும் தேய்ப்பதிலும்தான் போக வேண்டும்.

நம் ஊரில் கடல் உப்பு எதன் மேலும் படியும். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் மேலே பெயிண்ட் ஏற்றினால் பின்னால் கொப்புளம் கிளம்பும். கழுவி, காயவைத்து, ஆல்கஹாலில் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். பிறகு 400, 600 நம்பர் தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். விரல் நகத்தால் வருடினால் கீறல் தட்டக்கூடாது. பம்பர் பிளாஸ்டிக் வெளியே தெரிந்தால் அதன் மேல் பெயிண்ட் லேசில் ஒட்டாது. அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும்.

கலர் டப்பாவை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல் தூரத்தில் கையை நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஒரே தடவையில் மூட நினைத்தால் வழியும். மெல்லிசாக மூன்று நான்கு கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம். அதன் மேல் கிளியர் இரண்டு மூன்று கை. ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். ஈரக்காற்றில் பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும். மாசி, பங்குனியில் பனி காய்ந்த பிறகு, கடல்காற்று எழும்புவதற்கு முன், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் செய்யலாம்.

"கலர் சேராதே?" என்பார்கள். வண்டியின் கலர் கோடு அதன் ஸ்டிக்கரிலேயே இருக்கும். அதைச் சொல்லி வாங்குங்கள். வெயிலில் வெளுத்த பழைய வண்டிக்கு நூலளவு வித்தியாசம் தெரியலாம். ஆனால் மிரர் மூடி கதவை விட்டுத் தள்ளி நிற்கிற தனி உறுப்பு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவர் நம்மைத் தவிர யாரும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தாட்சண்யம் கிடையாது. அது மூச்சு. மூடிய அறையில் அடிக்காதீர்கள். கொரோனா காலத்து முகக்கவசம், என்-95 உட்பட, தின்னர் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் வடிகட்டி வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். அடுப்பு, சாமி விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் ஆகாது. டப்பாவை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வெடிக்கும். பிரெஞ்சுக்காரன் சும்மா பெயர் வைக்கவில்லை. ஹார்டனர் கலந்த 2கே கிளியர் பளபளக்கும் என்று ஆசை காட்டுவார்கள். அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. நம் வயதில் அது வேண்டவே வேண்டாம். ஆஸ்துமா, இதயக்கோளாறு இருப்பவர்கள் தேய்க்கிற வேலையோடு நிறுத்திக்கொண்டு, ஸ்ப்ரேயை இளையவர் கையில் கொடுக்கட்டும்.

இன்னும் ஒரு ஆட்சேபணை வரும்: "பெயிண்டர் பிழைப்பில் மண்ணைப் போடுறீங்களே?" இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கதவு, பானெட் போன்ற பெரிய தகடு டப்பாவில் சரிவராது. கோடு கோடாகத் தெரியும். நசுங்கியதும் துரு ஏறியதும் டிங்கரிங் வேலை, பட்டி பார்க்கிற வேலை. அதற்கெல்லாம் நான் தெருமுனைப் பட்டறைக்குத்தான் போகிறேன். அவர் பிழைப்பைக் கெடுத்தது என் டப்பா இல்லை. கீறல் என்றாலே புது உறுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுகிற ஏற்பாடுதான் கெடுத்தது. மாட்டுவதற்கு ஸ்பானர் போதும், பெயிண்டர் எதற்கு? ஒரு உள்ளங்கை அகல மூடியை மூன்று மணி நேரம் தேய்த்துப் பாருங்கள், ஒரு கதவுக்கு அவர் கேட்கிற கூலியில் நூறு ரூபாய் குறைக்க மனசு வராது. எனக்கு வருவதில்லை.

ஆகவே அடுத்த தடவை யாராவது "மாத்திடலாம் சார்" என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பழைய கோப்புக் கேள்வியைக் கேளுங்கள்: ஏன் பழுது பார்க்க முடியாது, எழுத்தில் கொடு. உருப்படியான பதில் வந்தால் மாற்றுங்கள். வராவிட்டால் உறுப்பைக் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போங்கள்.