ஒரே போர்வை, நாலு பெட்டி

போன வாரம் எங்கள் டிபார்ட்மென்டில் ஒரு கெஸ்ட் லெக்சர். வந்தவர் நன்றாகவே பேசினார், ஸ்லைடும் பளபளவென்று இருந்தது. சாராம்சம் இதுதான்: சேனல் என்பது வெறும் ஜன்னல், கடை ஒன்றே, அதனால் சின்ன வியாபாரி எல்லா ஆன்லைன் தளத்திலும் கடை விரிக்க வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் கை எழும்பவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். என் மாமா சென்னிமலைப் போர்வை விற்கிறார். லீவு நாட்களில் பேக்கிங், லேபிள், பிக்கப் எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட். ஒரே தறியில் நெய்த ஒரே போர்வை, நாலு வழியில் வெளியே போகிறது. நாலும் நாலு வியாபாரம் மக்களே. விற்பனை எங்கே நடக்கிறது என்பது முக்கால்வாசி அலங்காரம். பெட்டியை யார் தொடுகிறார்கள், கடிகாரம் யார் கையில், திரும்பி வந்தால் யார் தலையில் என்பதுதான் விஷயமே.

முதலில் வாட்ஸ்அப், இன்ஸ்டா. படித்தவர்கள் கேவலமாகப் பார்க்கும் சேனல். போட்டோ போடு, ஆள் கேட்பார், ஜிபேயில் காசு வரும், மறுநாள் தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட். தபால் செலவு தனி என்று முன்னாடியே சொல்லிவிடுவதால் அதற்கும் வாங்குபவர் காசு கொடுத்துவிடுகிறார். 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள் இருக்கிற நாட்டில் எந்தப் பட்டிக்கும் போய்விடும். அழகான டிராக்கிங் பக்கம் கிடையாது, "அண்ணா வந்துச்சா?" என்ற மெசேஜ்தான் டிராக்கிங். ஆனால் காசு கையில் வந்த பிறகே சரக்கு நகர்கிறது. வொர்க்கிங் கேபிட்டல் பற்றி மூன்று செமஸ்டர் படித்த நமக்கு இதன் அருமை தெரிய வேண்டாமா?

அடுத்தது சொந்த வெப்சைட். இங்கே கூரியர் திரட்டிகள் வேலை செய்கின்றன. ஷிப்ராக்கெட் மாதிரி ஒன்றில் கணக்கு திறந்தால் பல கூரியர்களில் எது தோதோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். கேட்க சுகமாக இருக்கும். இதில் இரண்டு குழிகள். ஒன்று, பரிமாண எடை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அந்த எடை, நிஜ எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 40, 30, 10 அளவுப் பெட்டி என்றால் 2.4 கிலோ. உள்ளே இருக்கும் போர்வை 1.2 கிலோதான் என்று அழுதாலும் நடக்காது. இலவம்பஞ்சுத் தலையணை விற்கிறவர் பாடு இன்னும் மோசம். 60, 40, 15 பெட்டி என்றால் 7.2 கிலோ! காற்றுக்கு வாடகை கொடுக்கிறோம்.

இரண்டாவது குழி ஆர்.டி.ஓ. வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்லீங்க, போன பார்சல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது :-) கேஷ் ஆன் டெலிவரி போட்டுவிட்டு, பையன் வந்து நிற்கும்போது போனை எடுக்காத புண்ணியவான்களின் கைங்கரியம். சும்மா ஒரு கணக்கு: 10 ஆர்டர், போக 80 ரூபாய், திரும்பி வர 80 ரூபாய், மூன்று பேர் வாங்கவில்லை. மொத்தச் செலவு 1,040. விற்றது ஏழு. ஒரு போர்வைக்கு 80 என்று நினைத்த டெலிவரி செலவு கிட்டத்தட்ட 149 ஆகிவிட்டது. "ஃப்ரீ டெலிவரி" என்று பட்டன் வைத்திருந்தால் அதுவும் நம் கையிலிருந்து.

மூன்றாவது, பெரிய சந்தைத் தளங்கள். ஆர்டர் அங்கே விழும், சரக்கு நம் வீட்டில் இருக்கும், அவர்கள் ஆள் வந்து எடுத்துப் போவார். இங்கே கடிகாரம் அவர்களுடையது. இத்தனை மணிக்குள் லேபிள் ஒட்டித் தயாராக இருக்க வேண்டும், தவறினால் நம் ரேட்டிங் அடிவாங்கும். மாமாவுக்கு ஒரு தளத்தில் (பேர் வேண்டாம்) ரிட்டர்னாக வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே யாரோ நாலு வருஷம் போர்த்திய பழைய போர்வை. புகார் கொடுத்தோம். போட்டோ கேட்டார்கள், வீடியோ கேட்டார்கள், கடைசியில் நிராகரித்தார்கள். "வித்தவன் நானு, பொருளும் போச்சு, காசும் போச்சு, வாங்குனவன் யாருன்னே எனக்குத் தெரியல கண்ணு" என்றார் மாமா. வாட்ஸ்அப்பில் என்றால் ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே.

நாலாவதுதான் என் கோபத்துக்குக் காரணம். சரக்கையே அவர்கள் குடோனுக்கு அனுப்பி வைத்துவிடுவது. பேக்கிங் முதல் ரிட்டர்ன் வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வேகம் கூடும், மறுக்கவில்லை. சரக்கு ஏற்கனவே வாங்குபவர் ஊர்ப் பக்கத்தில் கிடப்பதால் வேகம். ஆனால் குடோன் கர்நாடகாவில் என்றால் அங்கே தனி ஜி.எஸ்.டி பதிவு வேண்டும். பதிவு வேறு என்பதால் சட்டத்தின் கண்ணில் ஆளும் வேறு. சொந்தச் சரக்கை சொந்தப் பெயருக்கே அனுப்பினாலும் அது சப்ளை! ஒரு துண்டுகூட விற்காமல் வரி முன்னாடி போய்விடும். பின்னால் கிரெடிட் வரும், சரி. அதுவரை நூல்காரருக்கு யார் பதில் சொல்வது? 200 போர்வையில் 80 அங்கே தூங்கும்போது இங்கே ஒருவர் 150 கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். திருப்பிக் கொண்டுவரவும் கட்டணம், அங்கேயே வைத்திருக்கவும் வாடகை.

"கஷ்டமென்றால் அனுப்பாதே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று கேட்பீர்கள். இத்தாலியின் போட்டி ஆணையமும் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. பிரைம் முத்திரை, தளத்தில் முன்னால் தெரிவது போன்ற சலுகைகளை, தன் குடோன் சேவையை எடுத்தவர்களுக்கே அமேசான் கட்டிவைத்தது என்று சொல்லி 2021 டிசம்பரில் 112 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. (பிற்பாடு அந்தத் தொகை குறைந்தது.) 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம், விற்பவர் எந்தக் கூரியரை வைத்தாலும் பிரைமில் பாகுபாடு இல்லை என்று அமேசான் உறுதிமொழி கொடுத்தது. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.சி தொடுத்த வழக்கிலும் இதே குற்றச்சாட்டு உண்டு. அதாவது, கட்டாயம் என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. முத்திரை இல்லாதவன் கண்ணில் படமாட்டான், அவ்வளவுதான்.

நம் ஊரிலும் காகிதத்தில் குறையில்லை. 2018-ன் இரண்டாம் பிரஸ் நோட், 2019 பிப்ரவரி 1 முதல் அமல். வெளிநாட்டு முதலீடு உள்ள சந்தைத் தளம் குடோன், லாஜிஸ்டிக்ஸ் உள்ளிட்ட சேவைகளை எல்லா விற்பனையாளருக்கும் பாகுபாடின்றித் தர வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டையும் விசாரிக்கச் சொல்லி நம் போட்டி ஆணையம் உத்தரவிட்டது 2020 ஜனவரியில். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த நான் இன்று பி.காம் முடிக்கப் போகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வேகமான டெலிவரிக்கு முத்திரை கொடுங்கள், தாராளமாக. ஆனால் சொன்ன நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்குக் கொடுங்கள். யார் குடோனிலிருந்து போனது என்று பார்க்காதீர்கள். சென்னிமலையிலிருந்து கோவைக்கு மறுநாளே சேர்ப்பிக்கிற ஆளுக்கு அந்த முத்திரை ஏன் கூடாது?

ஓ.என்.டி.சி இதற்கு மருந்து என்று சிலர் சொல்வார்கள். விற்கும் ஆப், வாங்கும் ஆப், டெலிவரி ஆள் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2022-ல் சோதனை ஓட்டம் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. ஆனால் பிரித்து வைத்தால் பிரச்சினை வரும்போது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கை காட்ட முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. பத்து நிமிட டெலிவரி ஆப்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. பேட்டைக்குப் பேட்டை அவர்கள் வைத்திருக்கும் குட்டிக் குடோன்களை நிரப்ப 200 போர்வைக்காரரால் ஆகாது.

நம் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்துக்கும் ஒரு குட்டு. விற்பனைச் செலவை எல்லாம் மொத்தமாகச் சேர்த்து விற்பனை மதிப்பின் விகிதத்தில் பங்கு போடு என்கிறது. அப்படிப் போட்டால் வாட்ஸ்அப் போர்வையின் லாபத்தைத் தின்று ஆர்.டி.ஓ போர்வை கொழுக்கும், கணக்குப் புத்தகத்தில் எதுவும் தெரியாது. மாமா இப்போது நாலு நோட்டு போட்டிருக்கிறார், சேனலுக்கு ஒன்று.

டிஸ்கி: கேஷ் ஆன் டெலிவரி போட்டுவிட்டு போனை ஸ்விட்ச் ஆஃப் செய்யும் நம் கிளாஸ் நண்பர் இதைப் படித்தால், திட்டுவதைப் பின்னூட்டத்தில் வைத்துக்கொள்ளவும். போன் பண்ண வேண்டாம், எப்படியும் சிக்னல் கிடைக்காது.